தொழில்னு எதைக் கேக்குற, தாயி?

(நத்தத்தில், பன்னிரண்டாம் வகுப்பு முடித்த மாணவர்களுக்கும் இயக்கத் தோழர்களுக்குமாக நடந்த கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேசும்போது விட்டுப்போன சிலதை எழுதும்போது சேர்த்திருக்கிறேன்.)



என்னை முதலில் கவிதை பற்றிப் பேசத்தான் கூப்பிட்டார்கள். கவிதை பிறகு பேசிக்கொள்ளலாம், இந்த மாதம் பிள்ளைகள் என்ன படிப்பது என்று அலைந்துகொண்டிருக்கிறார்கள், அதைப் பேசுவோம் என்று நான்தான் மாற்றச் சொன்னேன். அதற்குக் காரணம் நம் காலனியைச் சேர்ந்த ஒரு பிள்ளை. நல்ல மார்க். 'பி.ஓ.டி. கிடைக்கும் போலிருக்கு அண்ணே, சேரலாமா?' என்று என்னிடம் கேட்டது. கூட நின்ற அதன் மாமா, 'அது டாக்டருமில்ல, நர்ஸுமில்ல. கரண்டு வைக்கிற படிப்புப்பா' என்றார். அவர் சொன்னது பிசியோதெரபியை. அதுவும் கரண்டு வைக்கிற படிப்பு மட்டுமில்லை என்பது வேறு விஷயம். பிள்ளை கேட்டது ஆக்குபேஷனல் தெரபி. நாலரை வருஷப் பட்டப்படிப்பு, அதில் கடைசி ஆறு மாதம் ஆஸ்பத்திரியில் பயிற்சி.

இந்தப் படிப்பைப் பற்றிப் பேச எனக்கு என்ன தகுதி? நான் வங்கிக் குமாஸ்தா. பேனாவும் மைப்பெட்டியும்தான் என் கருவிகள். ஆனால் இந்தப் படிப்பு எங்கள் வீட்டுத் திண்ணை வரை வந்துபோனது. ஒருமுறை அவமானமாக, ஒருமுறை வேறுமாதிரி. இரண்டையும் சொல்கிறேன்.

எங்கய்யாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை, வலது கால். பேச்சு குழறியது, பிறகு தேறியது. ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பெயர் வேண்டாம். மூன்றாம் நாள் ஒரு சின்னப்பொண்ணு, வெள்ளைக் கோட்டு, கையில் ஒரு தாள். ரொம்ப மரியாதையாகத்தான் கேட்டது: 'ஐயா, உங்க தொழில் என்ன?'

அய்யா பதில் சொல்லவில்லை. குழறல் என்று அந்தப் பொண்ணு நினைத்திருக்கும். எனக்குத் தெரியும், அது குழறல் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து அவர் கேட்டார்: 'தொழில்னு எதைக் கேக்குற, தாயி?'

தோழர்களே, அந்த ஒரு கேள்வியில் இந்தப் படிப்பின் மொத்தச் சிக்கலும் இருக்கிறது. பொண்ணுக்கு அது விளங்கவில்லை. நான் முந்திக்கொண்டு, நல்லது செய்கிற நினைப்பில், 'அந்தக் காலத்துல பறை அடிப்பாருங்க, ரொம்ப நல்லா அடிப்பாரு' என்றேன். கவிஞன் இல்லையா, பெருமையாகச் சொன்னேன். மேடைதோறும் பறையை விடுதலைக் கருவி என்று பேசுகிறவன். மறுநாள் அந்தப் பொண்ணு எங்கிருந்தோ ஒரு சின்னக் கொட்டு வாங்கிவந்து அவர் மடியில் வைத்தது. இரண்டு கையும் ஒருசேர வேலை செய்யும், தாளத்துக்கு மூளை எழும்பும், பழகின வேலை என்றால் சீக்கிரம் வரும். மருத்துவக் கணக்கில் எல்லாம் சரி. அய்யா இடது கையால் அந்தக் கொட்டைத் தள்ளிவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். இரண்டு நாள் யாருடனும் பேசவில்லை. சாப்பாடும் சரியாக இல்லை.

நான் கைக்குழந்தையாக இருந்தபோது நடந்தது இது. ஊரில் ஒரு சாவு. அடிக்க வரமாட்டோம் என்று சேரியில் பதினோரு பேர் சொன்னார்கள். அதில் அய்யாவும் ஒருவர். ஊர் கூடி, கடையில் சாமான் இல்லை, களத்தில் வேலை இல்லை என்றது. அம்மா பத்து மைல் தள்ளி வேலைக்குப் போய் எங்களைக் காப்பாற்றினாள். அந்தப் பறையை அய்யா விற்கவில்லை, எரித்தார். அதைத்தான் முப்பது வருஷத்துக்குப் பிறகு, சிகிச்சை என்று அவர் மடியில் கொண்டுவந்து வைத்தோம். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து. அந்தப் பொண்ணை மட்டும் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

பறை நமது கலையா, நம்மேல் சுமத்திய அடிமை வேலையா என்ற விவாதத்தை இதழ்களில் பக்கம் பக்கமாக நடத்தியிருக்கிறோம். நானும் எழுதியிருக்கிறேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் அந்த விவாதம் வேறு விதமாக முடிந்தது.

இப்போது படிப்புக்கு வருகிறேன். ஆக்குபேஷன் என்கிற இங்கிலீஷ் சொல்லுக்கு வேலை, உத்தியோகம் என்பது ஓர் அர்த்தம். ஒரு மனுசன் தன் பொழுதை எதனால் நிரப்புகிறானோ அது இன்னோர் அர்த்தம். பல் விளக்குவது, சேலை கட்டுவது, பிள்ளைக்குச் சோறூட்டுவது, கும்பிடுவது, சீட்டாடுவது எல்லாமே அதில் அடங்கும். இந்த மருத்துவம் எடுத்துக்கொண்டது இரண்டாவது அர்த்தத்தை. (நிலத்தை வளைத்துப்போடுவது என்று மூன்றாவது அர்த்தமும் இருக்கிறது. 1892-இல் ஒதுக்கின பஞ்சமி நிலத்துக்கு நடந்ததும் ஆக்குபேஷன்தான்.) தமிழில் 'தொழில்வழி சிகிச்சை' என்கிறார்கள், 'செயல்முறை மருத்துவம்' என்கிறார்கள். 'அலுவல் சிகிச்சை' என்று சொன்னால் எங்கள் வங்கியில் எல்லாரும் நோயாளி ஆகிவிடுவோம். 'தொழில்' என்று மொழிபெயர்த்த உடனே அந்தச் சொல்லுக்குள்ளே சாதி வந்து உட்கார்ந்துகொள்கிறது. இந்த மண்ணில் தொழில் என்ன என்று கேட்பது நீ யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்பதுதான்.

இந்தப் பயம் நமக்குச் சும்மா வந்ததில்லை. 1953-இல் ராஜாஜி கொண்டுவந்த ஆரம்பக் கல்வித் திட்டத்தில் பாதி நேரம் பள்ளிக்கூடம், மீதி நேரம் வீட்டில் அப்பன் தொழில். குலக்கல்வி என்று பெயர் வைத்து நாடே எதிர்த்தது. 1954-இல் காமராசர் வந்து அதை எடுத்தார். தொழில், படிப்பு என்ற இரண்டு சொல்லும் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் நம் கிழவர்கள் நிமிர்ந்து உட்காருவது இதனால்தான். வேலைப் பங்கீடுதானே சாதி, அதில் என்ன தப்பு என்று கேட்டவர்களுக்கு அம்பேத்கர் 1936-இலேயே 'சாதி ஒழிப்பு' உரையில் பதில் சொல்லிவிட்டார். லாகூரில் பேச விடாததால் அவரே அச்சடித்து வெளியிட்ட உரை அது. விருப்பமும் திறமையும் பார்த்துக் கொடுக்காமல் பிறப்பைப் பார்த்துக் கொடுக்கிற வேலையில் மனசு எப்படி ஒட்டும் என்பது அவர் வாதத்தின் ஒரு பகுதி. ஆக்குபேஷனல் தெரபியின் முதல் பாடமும் கிட்டத்தட்ட இதுதான்: நோயாளிக்கு அர்த்தமுள்ள வேலையாக இருந்தால்தான் அது மருந்து. அம்பேத்கரை இந்தப் படிப்பின் பாடப் புத்தகத்தில் சேர்க்கவேண்டும் என்று நான் சொன்னால் சிரிக்காதீர்கள்.

இதன் சரித்திரத்தைக் கொஞ்சம் பார்ப்போம். 1917 மார்ச்சில் அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்துக் கிளிஃப்டன் ஸ்பிரிங்ஸ் என்ற ஊரில் சிலபேர் கூடி ஒரு சங்கம் வைத்தார்கள். அதில் ஜார்ஜ் பார்ட்டன் என்பவர் கட்டடக் கலைஞர். காசநோய் வந்தவர், கால்விரல்களை வெட்டி எடுத்தவர்கள், ஒரு பக்கம் விழுந்து எழுந்தவர். தன் உடம்பை வைத்தே இந்த மருத்துவத்தைக் கண்டுபிடித்தார் என்று சொல்லலாம். எலினார் கிளார்க் ஸ்லாகிள் என்ற அம்மையாரும் அதில் உண்டு. உலகப் போரில் கை கால் போன சிப்பாய்கள் வந்து குவிந்தபோது இந்தத் துறை வளர்ந்தது.

இதற்கு ஓர் இருட்டான முன்கதையும் இருக்கிறது. அதை மறைக்கக்கூடாது. மனநோய் விடுதிகளில் வேலையே வைத்தியம் என்று ரொம்ப நாளாகச் சொல்லிவந்தார்கள். தோட்டம், துணி துவைப்பு, நெசவு. வைத்தியமும் ஆச்சு, விடுதிச் செலவும் குறைஞ்சாச்சு. கூலியில்லாத வேலைக்குச் சிகிச்சை என்று பெயர் வைப்பது எவ்வளவு லேசு பாருங்கள். நம் ஆட்களுக்கு இது சட்டென்று புரியும். வேறு பெயரில் அதைப் பார்த்தவர்கள் நாம். வேலையும் கிடையாது, சிகிச்சையும் கிடையாது, சங்கிலி மட்டும்தான் என்றால் என்ன நடக்கும் என்பதை 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி ஏர்வாடியில் பார்த்தோம். தீப்பிடித்தபோது ஓட முடியாமல் கட்டிக்கிடந்தவர்கள் செத்தார்கள். 28 பேர்.

இந்தியாவில் இந்தப் படிப்பை ஆரம்பித்தது ஒரு பெண். எலிசபெத் லண்டி என்ற அமெரிக்கர். விஷ்ணு நிம்ப்கரைக் கல்யாணம் செய்து கமலா நிம்ப்கர் ஆனவர். 1950-இல் பம்பாய் கே.இ.எம். ஆஸ்பத்திரியில் முதல் பள்ளியைத் தொடங்கினார். 1952-இல் அகில இந்தியச் சங்கம் வந்தது. அதே ஆண்டு உலகக் கூட்டமைப்பு உருவானபோது தொடக்க உறுப்பு நாடுகளில் இந்தியாவும் ஒன்று.

நம் பக்கத்துக் கதை வேலூர். அதைத்தான் நான் பிள்ளைகளுக்குத் திரும்பத் திரும்பச் சொல்வேன். பால் பிராண்ட் என்ற வெள்ளைக்கார டாக்டர், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை அறுவை செய்து நிமிர்த்தினார். உலகமே கும்பிட்டது. சரியான கையோடு போன சிலர் திரும்பி வந்து, 'டாக்டர், இந்தக் கைக்குப் பிச்சை விழமாட்டேங்குது' என்ற கணக்கில் சொன்னார்கள். மடங்கின விரலுக்குத்தான் காசு விழும். நிமிர்ந்த விரலுக்கு வேலை கொடுப்பாரில்லை, நோய் பட்ட ஆள் என்று. கையைச் சரிசெய்தால் மட்டும் போதாது, அந்தக் கைக்கு ஒரு வாழ்க்கை வேண்டும் என்பது அங்கே உறைத்தது. 1950-களின் தொடக்கத்தில் நவஜீவ நிலையம் என்று குடிசைகள் போட்டு, தச்சு வேலை, பொம்மை வேலை கற்றுக்கொடுத்தார்கள். அதே வேலூரில் மேரி வர்கீஸ் என்ற இளம் டாக்டருக்கு 1954-இல் விபத்து நடந்தது. இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். வெளிநாடு போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துவந்து அந்தத் துறையையே அங்கே உருவாக்கினார். 1966-இல் அதற்கென்று தனி நிலையம் திறந்தது. உடம்பு இழந்ததை உடம்பு இழந்தவரே வந்து எழுதிய சரித்திரம் இது. வலி அறிந்தவன்தான் அந்தத் துறையைத் திருப்பிப் போடமுடியும். இலக்கியத்தில் இதைச் சொல்லிச் சொல்லித்தான் நாம் உள்ளே வந்தோம். மருத்துவத்தில் ஏன் சொல்லக்கூடாது?

அப்படிச் சொன்னவர்கள் வெளியே இருக்கிறார்கள். 2005-இல் ஃபிராங்க் குரோனன்பர்க், நிக் பொல்லார்ட் முதலானவர்கள் தொகுத்த ஒரு புத்தகத்தில் 'ஆக்குபேஷனல் அப்பார்தைட்' என்ற சொல் பேசப்பட்டது. தென்னாப்பிரிக்க நிறவெறிச் சொல்லை எடுத்து, சிலபேருக்குச் சில செயல்களே மறுக்கப்படுவதைக் குறித்தார்கள். வியாதி காரணமில்லை, பிறப்பும் இனமும் அந்தஸ்தும்தான் காரணம். படித்தபோது எனக்கு எங்கள் ஊர்ச் சாவடிதான் நினைவுக்கு வந்தது. அங்கே கல்லில் ஆடுபுலி ஆட்டத்துக்குக் கோடு வெட்டி வைத்திருப்பார்கள். நாங்கள் அதில் உட்கார்ந்ததில்லை. சேரி மண்ணில் கரியால் கோடு போட்டு ஆடுவோம், மழை வந்தால் புலியும் போச்சு ஆடும் போச்சு. பொழுதுபோக்கு சிகிச்சை என்று இதற்குப் பக்கத்திலேயே ஒரு துறை இருக்கிறது. களையெடுத்துவிட்டு வந்து அடுப்பு மூட்டுகிற நம் அம்மாக்களுக்கு முதலில் பொழுது வேண்டும், போக்குவதைப் பிறகு பார்க்கலாம்.

நத்தத்துக்கு இந்தப் படிப்பு எதற்கு என்று கேட்பீர்கள். இங்கே புளியும் மாவும் பிழைப்பு. மரத்தைக் குத்தகைக்கு எடுப்பவர் ஒருவர், ஏறி உலுக்குபவர் இன்னொருவர். விழுவது இரண்டாவது ஆள். முதுகுத்தண்டு போய் கயிற்றுக் கட்டிலில் கிடப்பவர் நம் தெருவிலேயே இருக்கிறார். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் இயன்முறை மருத்துவர் வீட்டுக்கே வருகிறார், நல்ல காரியம். கை கால் இறுகாமல் பார்த்துக்கொள்கிறார். ஆனால் அந்த ஆள் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு எப்படி மாறுவது, தொகுப்பு வீட்டு வாசலில் நாற்காலி நுழையுமா, கக்கூஸுக்கு எப்படிப் போவது, உட்கார்ந்த இடத்தில் புண் வராமல் இருக்க என்ன செய்வது, உட்கார்ந்தே என்ன பிழைப்புப் பார்ப்பது? இதெல்லாம்தான் ஆக்குபேஷனல் தெரபி. இந்த ஊரில் ரெடிமேட் சட்டை தைக்கிற மிஷின் சத்தம் கேட்காத தெரு குறைவு. ஒரு கை விழுந்த பொம்பளை மறுபடி மிஷினில் உட்கார வேண்டுமென்றால், ஊசியில் நூல் கோப்பதிலிருந்து துணியைத் தள்ளுவது வரை ஒவ்வோர் அசைவாகப் பிரித்துப் பார்த்து, எது முடியும், எதற்கு மாற்று வேண்டும் என்று பார்க்கத் தெரிந்த ஆள் வேண்டும். அதற்கு உடற்கூறு, நரம்பு, எலும்பு, மனநோய், குழந்தை வளர்ச்சி எல்லாம் படிக்கவேண்டும். நாலரை வருஷம் அதற்குத்தான்.

'மறுவாழ்வு' என்ற சொல்லையும் கவனியுங்கள். ஆஸ்பத்திரியில் அந்தப் பெயரில் துறை இருக்கிறது. 2013-இல் மலம் அள்ளும் வேலையைத் தடைசெய்து வந்த சட்டத்தின் தலைப்பிலும் அதே மறுவாழ்வு இருக்கிறது. ஒரே சொல், இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்வதே இல்லை. அந்த வேலையிலிருந்து வெளியே வந்தவருக்குக் கடனும் மிஷினும் கொடுத்தால் முடிந்தது என்று நினைக்கிறோம். அவருடைய முதுகு, அவருடைய மூச்சு, அவருக்கு என்ன செய்யப் பிடிக்கும் என்று யார் உட்கார்ந்து கேட்டது? கடன் மனுவை வாங்கிவைக்கிற மேஜை என்னுடையது. நானே கேட்டதில்லை.

அய்யா கதையை முடிக்கவில்லை. அந்தப் பொண்ணு நல்ல பொண்ணு. கொட்டு சம்பவத்துக்குப் பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு என்ன தப்பு நடந்தது என்று கேட்டது. சொன்னேன். வெகுநேரம் பேசாமல் நின்றது. 'எங்க கிளாஸ்ல இதெல்லாம் சொல்லித் தரல சார்' என்றது. நோயாளியின் மதத்தைக் கேட்கச் சொல்லித் தந்திருக்கிறார்கள், சாப்பாட்டுப் பழக்கத்தைக் கேட்கச் சொல்லியிருக்கிறார்கள், சாதி அவன் கையில் என்ன செய்திருக்கிறது என்று கேட்கச் சொல்லித் தரவில்லை. மறுநாள் அது வேறு தாளோடு வந்தது. என்ன செய்யமுடியவில்லை என்பது உங்களுக்கு ரொம்ப வருத்தம், அதை நீங்களே சொல்லுங்கள், அது எவ்வளவு முக்கியம், பத்துக்கு எத்தனை மார்க் என்று கேட்கிற முறை ஒன்று இருக்கிறது. கனடாக்காரர்கள் 1990-களில் கொண்டுவந்தது. அய்யா, 'மார்க்கு நானா போடணும்?' என்று இரண்டு தடவை கேட்டார். பிறகு சொன்னார்: 'கையெழுத்து.'

1990-களில் அறிவொளி வகுப்பில், அரிக்கேன் வெளிச்சத்தில், முப்பது வயதுக்கு மேல் கற்றுக்கொண்ட கையெழுத்து அது. நாலே எழுத்து. அதற்கு முன் கைநாட்டு. பறையை எரித்த கையால் பிறகு கற்றுக்கொண்ட வேலை அது ஒன்றுதான். அவருக்கு எத்தனையோ வேலை தெரியும். அவராகத் தேர்ந்தெடுத்தது அதுதான். பத்துக்குப் பத்து போட்டார்.

பேனாவுக்குச் சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றித் தடிமனாக்கிக் கொடுத்தது அந்தப் பொண்ணு. மணிக்கட்டுக்கு ஒரு ஸ்பிளின்ட். முதலில் தவிட்டில் விரலால் கோடு, பிறகு சிலேட்டு, பிறகு தாள். வீட்டுக்கு வந்தபின் நாலு மாதம் திண்ணையில் அதுதான் வேலை. 'சோத்தப் பிசைஞ்சு சாப்பிடக் கத்துக்கய்யா மொதல்ல' என்று அம்மா திட்டுவாள். அதுவும் வந்தது, ஆனால் பின்னால்தான் வந்தது.

முதியோர் உதவித்தொகை எடுக்க நான் வேலை பார்க்கிற கிளைக்கே வந்தார். கையெழுத்து பழையதோடு ஒட்டவில்லை, கோணியிருந்தது. உள்ளே இருந்து, 'எதுக்கு ரிஸ்க், ரேகை வாங்கிருங்க' என்று சொன்னார்கள். மைப்பெட்டியை எடுத்து நீட்டவேண்டியது நான். பத்து வருஷமாக எத்தனை பேருக்கு அதை நீட்டியிருப்பேன், கணக்கு இல்லை. அய்யா அந்தப் பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். புது மாதிரிக் கையெழுத்து வாங்கவேண்டும் என்று நான் எழுந்துபோய்ச் சொன்னேன். விதியில் அதற்கு இடம் இருக்கிறது, யாரும் மெனக்கெடுவதில்லை, அவ்வளவுதான். நாலு எழுத்துக்கு இருபது நிமிஷம் ஆச்சு. வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். அவர் அவசரப்படவில்லை.

சரி, பிள்ளைகளுக்கு வேலைக்காகிற விஷயம். படிப்பு வேலூர் சி.எம்.சி.யில் இருக்கிறது, கோவையில் கே.எம்.சி.எச். கல்லூரியில், காட்டாங்குளத்தூர் எஸ்.ஆர்.எம்.மில் இருக்கிறது. இன்னும் சில இடங்களிலும் உண்டு. பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், உயிரியல் வேண்டும். படிப்பு முழுக்க இங்கிலீஷ். முதல் ஆறு மாதம் உடற்கூறு புத்தகம் உங்களை மிரட்டும், மிரட்டட்டும். 2021-இல் வந்த துணைநிலை மருத்துவத் தொழிலர் ஆணையச் சட்டத்தில் இந்தத் தொழிலும் சேர்ந்திருக்கிறது, அதனால் யார் வேண்டுமானாலும் போர்டு மாட்டிக்கொள்கிற காலம் போகும். வேலை கொட்டிக்கிடக்கிறது என்று நான் பொய் சொல்லமாட்டேன். பெரிய நகரத்தில் சம்பளம் இருக்கிறது, ஆட்டிசக் குழந்தைகளுக்கான மையங்கள் பெருகுகின்றன. நத்தம் மாதிரி ஊரில் அரசு பதவி உண்டாக்கினால்தான் உண்டு. 2022-இல் திண்டுக்கல்லுக்கு அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. ஒவ்வொரு மாவட்ட ஆஸ்பத்திரியிலும், வீடு தேடிப் போகிற திட்டத்திலும் இந்தப் பதவி வேண்டும் என்பது நம் கோரிக்கைப் பட்டியலில் ஏறவேண்டும். இயக்கத் தோழர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஃபீஸைக் கண்டு பின்வாங்காதீர்கள். 18 சதவீதத்தில், 2009 முதல் அருந்ததியருக்கு 3 உள்ஒதுக்கீடு. அரசு ஒதுக்கீட்டில் சேர்ந்தால், தனியார் கல்லூரியாக இருந்தாலும், 2012-இன் 92-ஆம் எண் அரசாணைப்படி நம் பிள்ளைகளின் கட்டணத்தை அரசு ஏற்கிறது. நிர்வாக ஒதுக்கீட்டுக்கு அது பொருந்தாது. அந்தப் பேச்சில் யாராவது இழுத்தால் மாட்டிக்கொள்ளாதீர்கள். 'முதலில் நீங்க கட்டுங்க, வந்ததும் தர்றோம்' என்று சொல்கிற கல்லூரிகள் உண்டு. அரசாணை நகலைக் கையில் வைத்துக்கொண்டு போங்கள், தனியாகப் போகாதீர்கள், தோழர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

சாதிச் சான்று, வருமானச் சான்று, வங்கிக் கணக்கு, மூன்றிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கவேண்டும். முதலெழுத்து மாறினால்கூட உதவித்தொகை நின்றுவிடும். கணக்கு இல்லாதவர்கள் திங்கட்கிழமை காலையில் கிளைக்கு வாருங்கள், நான் இருப்பேன். உங்கள் அம்மா அப்பா கையெழுத்துப் போடுவதாக இருந்தால் முன்னாடியே சொல்லுங்கள், நேரம் ஒதுக்கி வைக்கிறேன்.